முந்தைய வளைவின் நினைவு

ஒட்டன்சத்திரத்திலிருந்து வடகாடு வழியாகப் பாச்சலூருக்கு ஏறும் மலைப்பாதையை அறிந்தவர்களுக்கு, அதில் சுமையோடு இறங்கும் வண்டிகளின் நிதானமும் தெரிந்திருக்கும். மலைவாழைத் தார்களும் சௌசௌ மூட்டைகளும் ஏற்றிய சிறு லாரிகள், ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஒலியெழுப்பிக் காத்து, எதிரே வண்டி இல்லை என்று உறுதியானபின் மெல்லத் திரும்பும். அப்பாதையில் ஒரு முழத் தவறுக்கும் இடமில்லை.

நாங்கள் என்று இங்கே குறிப்பது அண்ணன் தம்பி இருவரை. மூத்தவர் கல்லூரியில் தமிழ் கற்பிப்பவர். இளையவர் மலைக் காய்கறிகளைச் சந்தைக்குக் கொண்டுவரும் தொழில் செய்பவர். இதில் சொல்லப்படும் பிழைகளை இருவரும் சேர்ந்தே செய்தோம் என்பதால், 'நான்' என்று தனித்து எழுத மனம் வரவில்லை.

2022ஆம் ஆண்டு, ஒன்றரை டன் சுமக்கக்கூடிய பிக்கப் வண்டி ஒன்றைப் பழைய விலைக்கு வாங்கினோம். பாதி எங்கள் சேமிப்பு, மீதி கடன். 2020இன் ஊரடங்கில் நிறுத்தப்பட்டு, ஓராண்டுக்கு மேல் ஒரு தென்னந்தோப்பில் மழையிலும் வெயிலிலும் கிடந்த வண்டி அது. இன்ஜின் நன்றாக இருந்தது, டயர்கள் புதியவை. வேறெதையும் பார்க்க எங்களுக்குத் தெரியவில்லை.

ஓட்டுவதற்கு ஐம்பது வயதைக் கடந்த ஒருவர் வந்தார். மலைப்பாதையில் முப்பது ஆண்டுப் பழக்கம் உள்ளவர். முன்பு குடித்தவர், குடியை விட்டு ஆறாண்டுகள் ஆனவர் என்பதையும் அவரே சொன்னார். ஒருவரைப் பற்றி நமக்குத் தெரிந்த செய்தி அவருக்கு எதிராக எப்போது எழுந்து நிற்கும் என்பதை அன்று நாங்கள் யோசிக்கவில்லை.

இரண்டு மாதங்களில் அவர் முறையிடத் தொடங்கினார். ஸ்டியரிங் சரியில்லை என்றார். இளையவர் கேட்டது, யாரும் கேட்கும் கேள்விதான்: "எந்தப் பக்கம் இழுக்குதுண்ணே? லெஃப்ட்டா ரைட்டா?"

"அப்படிச் சொல்ல முடியல தம்பி. வலது பக்கம் ஒடிச்சுத் திருப்புனா, வளைவு முடிஞ்ச பின்னாடியும் வலது பக்கமே போகுது. இடது பக்கம் ஒடிச்சா இடது பக்கம். நாமதான் கைகொடுத்து நேரா கூட்டியாரணும். முந்தின வளைவ மறக்கவே மாட்டேங்குது."

இந்தக் கடைசி வாக்கியத்தை நாங்கள் வீட்டில் பலமுறை சொல்லிச் சிரித்தோம். மூத்தவர் அதை வகுப்பிலும் சொன்னார். படிக்காத மனிதரின் வாயில் எவ்வளவு அழகான உருவகம் பிறக்கிறது என்பதற்கு எடுத்துக்காட்டாக!

ஆயினும் வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோகாமல் இல்லை. முதலில் டயர்களின் காற்றைச் சரிபார்த்து, முன் டயர்களை இடம் மாற்றிப் போட்டார்கள். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றி, பிரேக் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை என்று கண்டார்கள். அடுத்த இடத்தில் வீல் அலைன்மென்ட் பார்த்தார்கள். மூன்றாமிடத்தில் டை ராட் முனைகளை மாற்றி, ஸ்டியரிங் பாக்ஸில் சிறிது ஆட்டம் இருக்கிறது என்று திருகையும் இறுக்கினார்கள். ஒவ்வொரு முறையும் காலி வண்டியை நேர் சாலையில் ஓட்டிப் பார்த்துவிட்டு, ஒரு பக்கமும் இழுக்கவில்லை என்றார்கள். பணம் கரைந்தது. ஓட்டுநரின் முறையீடு மட்டும் குறையவில்லை.

2023 ஐப்பசியில், மழை விட்ட ஒரு காலையில், சுமையோடு இறங்கிய வண்டி வலப்புற வளைவு ஒன்றைக் கடந்தபின் நேராகாமல் சென்று, வளைவை ஒட்டிய தடுப்புச்சுவரில் மோதி நின்றது. விளக்கு உடைந்தது, முன்தகடு நசுங்கியது. அவருக்கு நெற்றியில் சிறு காயம். சுவர் இல்லாத இடமாக இருந்திருந்தால் என்ற எண்ணம் பல இரவுகள் எங்களை எழுப்பியது. எழுந்த அச்சம் சினமாயிற்று. சினம் அவருடைய பழைய கதையைத் தேடிச் சென்றது. "குடிச்சிருந்தீங்களாண்ணே?" என்று இளையவர் கேட்டார். மூத்தவர் பக்கத்தில் நின்றார், தடுக்கவில்லை. "ஊதிக் காட்டட்டுமா தம்பி?" என்று மட்டும் கேட்டுவிட்டு, சாவியை வைத்துவிட்டுப் போனார். மறுநாள் வரவில்லை.

அதன்பின் இளையவர் தாமே வண்டியை எடுத்தார். மூன்றாம் நாள் மலையிலிருந்து இறங்கிவந்து, வெகுநேரம் எதுவும் பேசாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். பிறகு சொன்னார்: "அண்ணா, அது நெசமாவே மறக்க மாட்டேங்குது."

தாராபுரம் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, பழைய லாரிகளை மட்டும் பார்க்கும் ஒரு பட்டறை இருக்கிறது என்று யாரோ சொல்லிப் போனோம். அங்கிருந்த முதிய மெக்கானிக் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று கேட்கவில்லை. "ஓட்டுனவரு என்ன சொன்னாரு?" என்றார். அந்த வாக்கியத்தைத் திருப்பிச் சொன்னோம். அவர் சிரிக்கவில்லை. "சரியாத்தான சொல்லியிருக்காரு" என்றபடி ஜாக்கியை எடுத்துவரச் சொன்னார்.

அவர் செய்த சோதனை மிக எளியது. முன்பக்கம் முழுவதையும் தூக்கி நிறுத்தினார். ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து சக்கரங்களுக்குச் செல்லும் நீண்ட தண்டைக் கழற்றி, இரண்டுக்கும் உள்ள உறவைத் துண்டித்தார். பின்னர் உள்ளே அமர்ந்து ஸ்டியரிங்கைச் சுற்றினார், தடையில்லாமல் சுழன்றது. முந்தைய பட்டறையில் இறுக்கிய திருகால் கெடுதல் ஒன்றும் நேரவில்லை, பாக்ஸ் குற்றமற்றது. இறங்கிவந்து சக்கரத்தைக் கையால் திருப்பினார். விரலால் தள்ளினால் அசைய வேண்டியது அசையவில்லை; முழங்காலை முட்டுக்கொடுத்துத்தான் திருப்ப முடிந்தது. இரு சக்கரங்களையும் இணைக்கும் டை ராடையும் விடுவித்தார். வலது சக்கரம் லேசாகத் திரும்பியது. இடது சக்கரம் வைத்த இடத்தில் நின்றது.

அத்தகைய வண்டிகளின் முன் அச்சு ஒரே இரும்புக் கட்டையாக இருக்கும். அதன் இரு முனைகளிலும் கிங் பின் என்னும் தடித்த ஊசிகள் செங்குத்தாக நிற்க, அவற்றைப் பற்றியே சக்கரங்கள் இடமும் வலமும் திரும்பும். பழைய வீடுகளின் கதவு, குடுமியில் சுழல்வதைப் போன்றது இது. அந்த ஊசியை மேற்புறம் சற்றே பின்னோக்கிச் சாய்த்திருப்பார்கள். அந்தச் சாய்வினால்தான், வளைவு முடிந்து கையைத் தளர்த்தினால் சக்கரம் தானே நேராகிறது. சிறுவயதில் இரு கைகளையும் விட்டு மிதிவண்டி ஓட்டியவர்கள் எல்லாரும் இதே வித்தையின் பயனைத் துய்த்தவர்களே. அங்கும் முன் கவையின் சாய்வு சக்கரத்தை நேராக்கத் துணைசெய்கிறது. குடுமி வறண்டு இறுகிவிட்டால், நேராக்கும் அந்த மெல்லிய விசையை உராய்வு வென்றுவிடும். சக்கரம் கடைசியாகத் திரும்பிய திசையில் சிறிது நிலைத்துவிடும்.

ஊசியைத் தட்டி எடுத்தபோது அது செந்துருவாக இருந்தது. கிரீஸ் ஏற்றும் சிறு வாயில், மண்ணும் இறுகிய பழைய கிரீஸும் அடைத்துக் கல்லாகியிருந்தது. தோப்பில் கிடந்த காலத்தில் நேர்ந்தது. வண்டியின் எடையைத் தாங்கும் அடிப்பேரிங்கும் துருவேறியிருந்தது. சுமையோடு இறக்கத்தில் பிரேக்கை மிதிக்கும்போது எடை முன்பக்கம் சாய்கிறது. அந்த எடை பேரிங்கை அழுத்த, இறுக்கம் கூடுகிறது. காலி வண்டியை நேர் சாலையில் ஓட்டிப் பார்த்தவர்களுக்கு இது தென்படாமல் போனதில் வியப்பில்லை. திருப்பும்போது கைக்குத் தெரிந்திருக்க வேண்டிய கடினத்தையும் பவர் ஸ்டியரிங் மறைத்துவிட்டது.

கிங் பின் செட் மாற்றி, புதிய புஷ்களை ரீமரால் அளவுக்குக் கடைந்து பொருத்த ஒன்றரை நாள் ஆயிற்று. அதுவரை வீணாகச் செலவழித்ததில் கால்பங்குகூட ஆகவில்லை. கிரீஸ் அடிக்கும்போது சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிவிட்டு அடிக்க வேண்டும், எடை தாங்கிய நிலையில் அடித்தால் அடிப்பேரிங்குக்குள் அது சரியாகப் போகாது என்றும் அந்த முதியவர் சொல்லியனுப்பினார்.

இந்தக் கோளாறுக்கு ஆங்கிலத்தில் 'மெமரி ஸ்டியர்' என்று பெயர் இருப்பதைப் பின்னர் அறிந்தோம். முந்தைய திருப்பத்தை வண்டி நினைவில் வைத்திருக்கிறது என்பதே பொருள். எங்கள் ஓட்டுநர் உருவகம் எதையும் படைக்கவில்லை. கையில் உணர்ந்ததை உணர்ந்தவாறே அறிக்கை செய்திருந்தார். ஒரு தமிழாசிரியர் அதை அணியாகக் கேட்டு மகிழ்ந்தார். ஒரு தொழில்காரர் அதைச் சாக்காகக் கேட்டு எரிச்சலுற்றார். செய்தியாகக் கேட்டவர் எங்கள் வீட்டில் ஒருவருமில்லை.

நன்னூல் வினாவை ஆறு வகையாகப் பிரிக்கிறது. அவற்றில் ஐயவினாவையும் அறியா வினாவையும் மூத்தவர் இருபதாண்டுகளாக வகுப்பில் விளக்கிவருகிறார். கயிறோ பாம்போ என்பது ஐயவினா. இடமா வலமா என்பதும் அதுவே. இரண்டில் ஒன்றுதான் விடை என்று முன்பே முடிவு செய்துகொண்டு கேட்பது. இரண்டும் என்று ஒருவர் விடை சொன்னால், கேட்டவர் தம் வினாவைச் சந்தேகிப்பதில்லை, சொன்னவரைச் சந்தேகிக்கிறார். தெரியாததைத் தெரியாது என்று ஒப்பிக் கேட்கும் அறியா வினாவை, அந்த முதிய மெக்கானிக்கிடம்தான் கேட்டோம்.

வண்டியை எடுத்துக்கொண்டு ஓட்டுநரின் வீட்டுக்குப் போனோம். அவர் அப்போது வேறொருவரின் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தார். மன்னிப்பை எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் இருவரும் சொற்களைத் தேடிக்கொண்டு சென்றிருந்தோம். இளையவர் தொடங்கியதும் அவர் கையமர்த்தி, "எந்தப் பக்கத்துப் பின்னு தம்பி?" என்று கேட்டார். "இடது" என்றோம். தலையசைத்தார். சாவியை வாங்கிக்கொண்டு ஏறி, தெருமுனையில் முழுதாக ஒடித்துத் திருப்பிவிட்டுக் கைகளை எடுத்தார். ஸ்டியரிங் தானே சுழன்று நேரானது. இறங்கிவந்து, "இப்பச் சரியா இருக்கு" என்று சாவியைத் தந்தார். தேநீர் வரவழைத்தார். அடுத்த மாதம் மகளுக்குப் பிரசவம் என்றார்.

எங்களிடம் திரும்பி வருவதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. கேட்கும் துணிவு எங்களுக்கும் இல்லை. மலைப்பாதையில் எதிரெதிரே சந்திக்கும்போது இளையவரைப் பார்த்து ஒலியெழுப்பிவிட்டு, வழிவிட்டு ஒதுங்கி நிற்கிறாராம்.