துப்பாக்கியின்றி ஒரு வேட்டைப் பயணம்

நோர்வே நாட்டில் வாழும் நம் மருமகன் சென்ற மார்கழியில் யாழ்ப்பாணம் வருவதற்கு முன் ஒரு மடல் விடுத்திருந்தான். "மாமா, அம்மப்பா அந்தக் காலத்தில் வன்னிக் காட்டுக்கு வேட்டைக்குப் போவாராமே. என் துப்பாக்கியைக் கொண்டுவரட்டுமா? சுண்டிக்குளத்துப் பக்கம் வாத்துச் சுடலாமா?" என்று கேட்டிருந்தான். அந்நாட்டில் தேர்வெழுதித் தேறியவர்க்கே வேட்டையாட உரிமையுண்டு, அவனும் தேறியவன். ஆதலின் இதனை வெறும் விளையாட்டுக் கேள்வியென நாம் தள்ளிவிடவில்லை.

ஒரு நாட்டின் துப்பாக்கி உரிமம் மறுநாட்டில் செல்லாது. செல்லும் நாட்டு அரசின் அனுமதியை முற்கூட்டியே பெறல் வேண்டும். வானூர்தி நிலையத்தில் அதனைத் தெரிவித்து, குண்டு நீக்கி, பூட்டிய பெட்டியில் வைத்துச் சரக்கறைக்கே அனுப்புதல் வேண்டும். பயணியின் கையில் இருத்தலாகாது. இத்தனையும் செய்தாலும் பயனில்லை. 1938இல் புகலிடமாக அறிவிக்கப்பட்ட சுண்டிக்குளம், 2015இல் தேசியப் பூங்காவாகவும் உயர்த்தப்பட்டது. ஆங்கே பறவையைச் சுடுதல் குற்றம். "துப்பாக்கி அங்கேயே இருக்கட்டும், தூரக்கண்ணாடி கொண்டு வா" என்று மறுமொழி எழுதினோம்.

ஒரு விடியற்காலையில் யாழ் நகரிலிருந்து கண்டி வீதி வழியே புறப்பட்டோம். கொடிகாமத்துத் தென்னந்தோப்புகளும் முகமாலையும் பளையும் கடந்ததும் இருபுறமும் நீர் விரிந்தது. அதுவே ஆனையிறவு. குடாநாட்டை வன்னிப் பெருநிலத்தோடு இணைக்கும் குறுகிய வாயில் அது. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலங்களில் வன்னியில் பிடித்த யானைகளை ஆழமற்ற இந்நீரைக் கடத்திக் குடாநாட்டுக்குக் கொண்டுவந்து, ஊர்காவற்றுறையில் கப்பலேற்றினர். கடல் கடந்து வந்த இந்திய வணிகர் அவற்றைப் பொன் கொடுத்து வாங்கினர். பெயரில் மாத்திரம் இன்று யானை நிற்கிறது.

ஆங்கிலேயர் காலத்தில் யானைக்கு அவ்விலையும் இல்லாது போயிற்று. பயிரழிக்கும் விலங்கென்று கருதி, கொன்றவர்க்கு அரசே தலைக்குச் சில சில்லிங் வெகுமதி அளித்தது. வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும், 1848க்கு முந்திய மூன்றாண்டுகளுக்குள் 3,500 யானைகள் மாண்டன என எமர்சன் தெனன்ட் 1859இல் வெளியிட்ட தம் நூலிற் குறித்துள்ளார். சாமுவேல் பேக்கர் போன்றோர் கடல் கடந்து துப்பாக்கியுடன் வந்து இலங்கையில் வேட்டையாடி, அதைப் பற்றி நூலும் எழுதினர். மேஜர் ரொஜேர்ஸ் என்பார் 1,400க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் எனப்படுகிறார். 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி மாண்டார். 1937இல் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் பிறந்தபோது அந்த வேட்டைக்காலம் ஒடுங்கத் தொடங்கியது.

ஆயினும் ஆனையிறவில் துப்பாக்கி ஓயவில்லை. அதன் குறி மாறிற்று. 1991இலும் 2000இலும் 2009இலும் இவ்வாயிலுக்காக மனிதரோடு மனிதர் பொருதனர். போர் முடிந்து பல்லாண்டுகள் சென்றும் முகமாலை மண்ணிலிருந்து கண்ணிவெடிகளைத் தோண்டி எடுத்தவண்ணம் இருந்தனர். இவற்றையெல்லாம் நாம் சொல்லச் சொல்ல, மருமகன் யாதும் பேசாது நீரையே நோக்கியிருந்தான்.

கிழக்கே திரும்பிச் சுண்டிக்குளத்தை அடைந்தோம். கரையில் ஒரு மூதாட்டி மீன் உலர்த்திக்கொண்டிருந்தார். அருகே பேரன் விளையாடினான். மருமகன் வண்டியினின்று இறங்கித் தன் நீண்ட கறுப்புப் பையைத் தோளில் மாட்டினான். மூதாட்டி சட்டென எழுந்து, சிறுவனைத் தம் பின்னே இழுத்துக்கொண்டார்.

"தம்பி, உந்தப் பையுக்குள்ள என்ன கிடக்கு?"

"தூரக்கண்ணாடி ஆச்சி. பறவை பாக்கிறதுக்கு."

திறந்து காட்டும்வரை அவர் அசையவில்லை. கண்ட பின்பே பெருமூச்சு விட்டார். "நான் பயந்து போனன், மோனை" என்றார்.

மருமகன் முக்காலியைத் தாழ்த்தி நிறுத்திச் சிறுவனை அழைத்தான். கண்ணாடி வழியே பார்த்த பிள்ளை, "ஆச்சி, எல்லாம் சிவப்புக் கால்!" என்று கூவினான். நாமும் நோக்கினோம். தூரத்தே இளஞ்சிவப்பாய்ப் பூநாரைகள், தலையை நீரில் கவிழ்த்து இரை தேடி நின்றன. அப்பால் ஊசிவால் வாத்துகள், வடதிசைக் குளிருக்கு அஞ்சி நாடுகள் பல கடந்து வந்தவை, அமைதியாய் மிதந்தன. கடைசியில் மூதாட்டியும் கண்ணாடியிற் கண் வைத்தார். நெடுநேரம் எடுக்கவில்லை.

திரும்பும் வழியில் மருமகன், "நல்ல காலம் மாமா, கொண்டுவரேல்லை" என்றான். நாம் ஒன்றும் சொல்லவில்லை.

வலசைப் பறவைகளைக் காண விழையும் அன்பர்கள் ஐப்பசி தொடங்கிப் பங்குனிக்குள் செல்க. விடியலிற் புறப்படுக; குடிநீரும் கட்டுச்சோறும் கொண்டு செல்க. பிள்ளைகளையும் மறவாது அழைத்துச் செல்க. கரையில் யாரேனும் உங்கள் பையை ஐயத்தோடு நோக்கினால், கேட்குமுன்னே திறந்து காட்டுங்கள்.