காட்டுப்பள்ளிக் கரையில் ஒரு குடம் தண்ணீர்

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலேறி மீஞ்சூரில் இறங்கிக் கிழக்கே போனால் காட்டுப்பள்ளி. வழியெல்லாம் அனல் மின் நிலையத்துப் புகைபோக்கிகள் நம்மைக் கண்காணித்துக்கொண்டே வரும். நீண்ட மணல் திட்டு அது. ஒரு பக்கம் வங்கக் கடல், மறுபக்கம் உப்பங்கழி; வடக்கே பழவேற்காடு, தெற்கே எண்ணூர் முகத்துவாரம். ஒரு காலத்தில் கட்டுமரமும் வலையுமே அங்கே ராஜ்யம் செய்தன. இப்போது துறைமுகமும் கப்பல் கட்டும் தளமும் நிற்கின்றன. அவற்றுக்கு வழிவிட்டு மீனவர் குப்பமே இடம் பெயர்ந்தது.

கழியில் இருளர் பெண்கள் இறால் பிடிக்கும் அழகைப் பார்க்கவேண்டும்! வலை கிடையாது, தூண்டில் கிடையாது. தண்ணீரில் அமிழ்ந்து, சேற்றைக் கையால் தடவியே பிடித்துவிடுகிறார்கள். பிடித்ததைப் போட ஓலைப் பறி. அதைப் பல்லால் கவ்வியிருப்பார்கள். இரண்டு கையும் வேலையாயிருக்க, வாய் மட்டும் சும்மா இருப்பானேன்!

அந்தச் சேற்றில் சில இடங்கள் வெளிறிச் சாம்பல் பூத்திருக்கின்றன. நிலக்கரிச் சாம்பலைக் கரைத்துக் கொண்டுபோகும் குழாய்கள் உடைந்து, கொசஸ்தலை ஆற்றில் பல தடவை கொட்டியிருக்கிறது. 2022-ல் பசுமைத் தீர்ப்பாயமும் இதைப்பற்றித் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. நிலக்கரிச் சாம்பலில் ஆர்சனிக் உண்டு. பாட்டி வைத்திய பாஷையில் பாஷாணம்!

கரையில் ஒரு பாட்டியிடம், "எந்தத் தண்ணீர் நல்ல தண்ணீர் என்று எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்?" என்று கேட்டேன்.

"உப்புக் கரிக்காம இருந்தா நல்ல தண்ணிதாம்மா" என்றாள்.

கடற்கரை ஜனங்கள் எங்கும் சொல்லும் பதில்தான். தைவான் தீவின் தென்மேற்குக் கரையில், பெய்மென் போன்ற மீன்பிடி, உப்பளக் கிராமங்களிலும் அப்படித்தான் நினைத்தார்கள். மேல்கிணறெல்லாம் உப்பு என்று 1910-களிலிருந்து ஆழ்கிணறு தோண்டினார்கள். கரிப்பில்லாத தண்ணீர் வந்தது. பாஷாணமும் கூடவே வந்தது. பல வருஷம் கழித்துக் கால்விரல்கள் மரத்தன, கறுத்தன, அழுகின. எத்தனையோ பேருக்குக் காலையே எடுக்கவேண்டியதாயிற்று. 'கறுங்கால் நோய்' என்று அதற்குப் பெயர். வாங் ஜின்ஹே என்ற டாக்டர் 1960 முதல் இந்த நோயாளிகளுக்குக் காசு வாங்காமல் வைத்தியம் செய்தார். அவர் மனைவியோ கால் இழந்தவர்களுக்குப் பாய் முடையும் கைத்தொழிலுக்கு ஏற்பாடு செய்தார். அந்த அம்மாளைத்தான் நான் அதிகம் நினைத்துக்கொள்கிறேன்.

துப்பறியும் கதையில் பாஷாணம் பாலில் கலந்து ஒரே இரவில் ஆளைத் தீர்க்கும். தண்ணீரில் வருவதோ பொறுமைசாலி. ரத்தக் குழாயின் உள் சவ்வைக் கொஞ்சம் கொஞ்சமாய்ப் புண்படுத்தும். குழாய் தடித்துக் குறுகும். ரத்த அழுத்தம் ஏறும். காலுக்குச் செய்ததை இருதயத்துக்கும் செய்யும். தைவானின் அதே ஊர்களில் மாரடைப்பு மரணங்களும் மிகுதி. சிலி தேசத்து அந்தோஃபகாஸ்தா நகரில் 1958 முதல் 1970 வரை பாஷாணம் கலந்த ஆற்று நீரைக் குடித்தார்கள். நடுவயதுக்கு முன்பே மாரடைப்பால் இறந்தவர்கள் கூடினார்கள். தைவானில் குழாய்த் தண்ணீர் வந்தபின் புதிதாய்க் கால் கறுப்பது குறைந்தது.

இதைப் படித்துவிட்டு இறால் குழம்பை நிறுத்திவிட வேண்டாம். மீனிலும் இறாலிலும் உள்ள ஆர்சனிக் பெரும்பாலும் வேறு வடிவம். உடம்பு அதை வெளியே தள்ளிவிடும். சேற்றில் நிற்பதால் தோல் வழியே ஏறுவதும் சொற்பம். கவலைக்குரியது குடிக்கும் தண்ணீர்தான். உலக சுகாதார ஸ்தாபனம் வைத்த எல்லை, பத்து லட்சம் லிட்டருக்குப் பத்தே கிராம்! நிறமில்லை, மணமில்லை, ருசியில்லை. காய்ச்சினாலும் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் செறிந்துபோகும்.

2010-ல் இதே காட்டுப்பள்ளியில், தினம் பத்துக் கோடி லிட்டர் கடல்நீரை நன்னீராக்கிச் சென்னைக்கு அனுப்பும் ஆலை திறந்தார்கள். கிணற்றையும் அடிபம்பையும் நம்பியிருப்பவர்கள், குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடத்தில் கட்டணம் கட்டித் தண்ணீரைச் சோதிக்கலாம். கொடுக்கும்போது, ஆர்சனிக்கையும் பார்த்துச் சொல்லும்படி தனியாகக் கேட்கவேண்டும்.