ஒரு பஸ்ஸுக்குப் பதினோரு குதிரை

'பஸ்' என்ற சொல்லுக்கு என்ன பொருள்? தனியாகப் பார்த்தால் ஒன்றுமே இல்லை! 'ஆம்னிபஸ்' என்பது லத்தீன் சொல். 'எல்லோருக்கும்' என்று அர்த்தம். அதன் வாலில் இருக்கும் 'பஸ்', தமிழில் நான்காம் வேற்றுமை உருபு 'கு' செய்கிற வேலையைத்தான் செய்கிறது. ஆக, உலகமே தினமும் ஒரு வேற்றுமை உருபில் தொங்கிக்கொண்டு போகிறது :-)

தமிழ்நாட்டில் ஆம்னி பஸ் என்றால் ராத்திரி ஊருக்குப் போகும் தனியார் பஸ். தீபாவளி, பொங்கல் சமயத்தில் அது 'எல்லோருக்கும்' தானா என்பது வேறு கதை. உண்மையில் இந்தக் கேள்வி முதல் ஆம்னிபஸ் ஓடிய காலத்திலேயே இருந்தது. பெயர் எல்லோருக்கும், கட்டணம் சிலருக்கு மட்டும். லண்டனில் அந்தக் கட்டணம் இறங்கி வர ஐம்பது அறுபது வருஷம் ஆனது. இறங்கிய பிறகு அந்தச் செலவு யார் தலையில் விழுந்தது என்பதுதான் சுவாரசியமான கணக்கு.

ஆரம்பம் பிரான்ஸில். கணித மேதை பாஸ்கல் 1662-லேயே பாரிஸில் ஐந்து 'சோல்' கட்டணத்தில் பொது வண்டி விட்டார். ஆனால் சிப்பாய்கள், வேலைக்காரர்கள், கூலிகள் ஏறக்கூடாது என்று உத்தரவு வந்தது. வண்டி காலப்போக்கில் நின்றுபோனது. பிறகு 1826-ல் நாந்த் நகரில் ஸ்டானிஸ்லாஸ் போத்ரி என்பவர் ஓட்டிய வண்டிகளுக்குத்தான் ஆம்னிபஸ் என்ற பெயர் நிலைத்தது. 1828-ல் அவர் பாரிஸுக்கு வந்தார். அதைப் பார்த்து லண்டனில் ஆரம்பித்தவர் ஜார்ஜ் ஷில்லிபியர், வண்டி கட்டும் தொழில் செய்தவர்.

1829 ஜூலை 4. பாடிங்டனிலிருந்து பாங்க் வரை. மூன்று குதிரைகள் பக்கத்தில் பக்கத்தில் பூட்டிய பெரிய வண்டி. உள்ளே 22 பேர். முழு தூரத்துக்கு ஒரு ஷில்லிங், பாதி தூரத்துக்கு ஆறு பென்ஸ். (12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு.) ஒரு ஷில்லிங் என்பது அன்றைய கூலித் தொழிலாளியின் ஒரு நாள் சம்பளத்தில் கணிசமான பங்கு. அவர் போக ஒன்று, வர ஒன்று கொடுத்தால் வீட்டில் அடுப்பெரியாது. ஆகவே ஏறியவர்கள் குமாஸ்தாக்கள், வியாபாரிகள். தொழிலாளி நடந்துதான் போனார்.

பாவம், ஷில்லிபியருக்கும் அதிர்ஷ்டம் இல்லை. நகரின் மையப் பகுதியில் ஆள் ஏற்றும் உரிமை வாடகைக் குதிரை வண்டிக்காரர்களிடம் இருந்தது. 1832-ல்தான் சட்டம் மாறியது. மாறியதும் போட்டியாளர்கள் குவிந்துவிட்டார்கள். பிறகு அவர் கிரீனிச் பக்கம் வண்டி விட்டார், அங்கே ரயில் வந்தது. கடைசியில் கடன் சிறைக்கும் போய்விட்டு, சவ ஊர்வல வண்டி கட்டும் தொழிலுக்கு மாறினார்.

இனி வண்டியின் தோற்றம். மூன்று குதிரை இரண்டானது, 22 பேர் என்பது உள்ளே 12 ஆகக் குறைந்தது. எதிரெதிர் பெஞ்சு, தரையில் வைக்கோல். மழை நாளில் அந்த வைக்கோல் என்ன நாற்றம் அடித்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். கூரை மேல் ஆட்கள் தொற்றிக்கொள்ள ஆரம்பித்ததும், அங்கேயும் நீளவாக்கில் ஒரு பலகை வைத்து முதுகோடு முதுகு சேர்த்து உட்கார வைத்தார்கள். கத்தி துடைக்கும் பலகை போல இருந்ததால் அதற்கு 'நைஃப்போர்டு' என்று பெயர். 1851 மகா கண்காட்சிக் கூட்டத்தில் இது பிரபலமானது. மேலே கட்டணம் குறைவு. ஆனால் ஏற இரும்புப் படிகள்தான், கிட்டத்தட்ட ஏணி. நீண்ட பாவாடையோடு பெண்கள் ஏற வழியே இல்லை. மலிவான சீட்டு ஆண்களுக்கு மட்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. ஏணியே அந்த வேலையைப் பார்த்துக்கொண்டது.

1881-ல் லண்டன் ரோடு கார் கம்பெனி என்ற புதிய போட்டியாளர் வந்த பிறகுதான் வளைந்த மாடிப்படியும், பூங்கா பெஞ்சு மாதிரி முன்னோக்கிப் பார்க்கும் 'கார்டன் சீட்'டும் வந்தன. உள்ளே 12, மேலே 14. பெண்களும் மாடிக்குப் போனார்கள். கணுக்கால் தெரியாமல் இருக்கக் கைப்பிடிக் கம்பிகளில் பலகை அடித்தார்கள், அந்தப் பலகையில் சோப்பு விளம்பரம் ஒட்டிக் காசும் பார்த்தார்கள்!

இப்போது செலவுக் கணக்கு. வணிகவியல் படிப்பவர்களுக்கு இது பாடப்புத்தகத்தைவிட நல்ல உதாரணம். வண்டி ஒரு நாளைக்குச் சுமார் 60 மைல் ஓடும். ஒரு ஜோடிக் குதிரை 12 மைல்தான் தாங்கும். ஆக ஐந்து ஜோடி, அதாவது பத்துக் குதிரை, காயம் நோய் என்றால் மாற்றுக்கு ஒன்று. மொத்தம் 11. சாலையில் தெரிவது இரண்டு, லாயத்தில் நின்று தின்பது ஒன்பது! 1890-களில் ஒரு குதிரை ஏறத்தாழ 35 பவுண்டு. பெருக்கினால் 385 பவுண்டு. வண்டியைவிடக் குதிரைகளுக்குத்தான் முதல் அதிகம் போட வேண்டும்.

அந்த முதலும் நிற்காது. ஐந்து வயதில் வாங்கிய குதிரை சுமார் ஐந்து வருஷத்தில் ஓய்ந்துவிடும். காரணம் தூரம் இல்லை. அப்போது நிறுத்தங்கள் கிடையாது, கை காட்டிய இடத்தில் எல்லாம் நிற்க வேண்டும். இரண்டு டன்னுக்கும் மேல் எடையுள்ள வண்டியை நின்ற நிலையிலிருந்து மறுபடி மறுபடி இழுப்பதில்தான் கால் போய்விடும். கணக்குப் புத்தகத்தில் இதற்குப் பெயர் தேய்மானம். இங்கே தேய்ந்தது இரும்பு இல்லை. ஓய்ந்ததை விற்றுவிடுவார்கள், அது கடைசியில் போய்ச் சேருவது பூனைத் தீனி வியாபாரியிடம்.

தீனிதான் மிகப் பெரிய செலவு. அதுவும் வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் போட்டாக வேண்டிய செலவு. அறுவடை பொய்த்து ஓட்ஸ் விலை ஏறினால் லாபம் காலி. பின்னாளில் அமெரிக்காவிலிருந்து வந்த மலிவான மக்காச்சோளத்தைக் கலந்துதான் கம்பெனிகள் மூச்சு விட்டன. இத்தனையும் போட்டிக்காரர்களோடு மோதிக்கொண்டு. 1855-ல் பாரிஸில் தொடங்கப்பட்ட லண்டன் ஜெனரல் ஆம்னிபஸ் கம்பெனி, 1856 முடிவதற்குள் நகரில் ஓடிய 810 வண்டிகளில் 600-ஐ வாங்கிவிட்டது. வண்டி, குதிரையோடு அந்தப் பாதையின் 'நற்பெயரு'க்கும் தனியாகப் பணம் கொடுத்தது. ரோடு கார் கம்பெனி வந்தபோது, 'நாங்கள் அசல் இங்கிலீஷ்' என்று காட்ட ஒவ்வொரு பஸ்ஸிலும் யூனியன் ஜாக் கொடி பறக்கவிட்டது. இந்தப் போட்டியில்தான் குறைந்த தூரத்துக்கு ஒரு பென்னி என்ற கட்டணம் பரவலானது. சாதாரண ஜனங்கள் நிஜமாகவே பஸ் ஏறினார்கள்.

சரி, பென்னி கட்டணத்தில் யாருக்குக் கை கடித்தது? ஜெனரல் கம்பெனியில் பல வருஷங்கள் டிக்கெட்டே கிடையாது. கண்டக்டர் காசு வாங்குவார், இரவில் கணக்கு ஒப்படைப்பார். தினக்கூலி 4 ஷில்லிங். வேலை 15, 16 மணி நேரம். வசூலில் ஒரு பகுதி அவர் பையிலேயே தங்கும், அதில் டிரைவருக்கும் கொஞ்சம் போகும். இது கம்பெனிக்கும் தெரியும். தெரிந்ததால்தான் கூலியை ஏற்றாமல் இருந்தது என்றும் சொல்லலாம். திருட்டு என்று ஒரே வார்த்தையில் முடிக்க முடியாத ஏற்பாடு இது.

1891-ல் கம்பெனி டிக்கெட் கொண்டுவந்தது. அந்த ஜூனில் வேலைநிறுத்தம், சுமார் ஒரு வாரம் பஸ்கள் முடங்கின. தொழிலாளர்கள் டிக்கெட்டை ஒழி என்று கோஷம் போடவில்லை, போட்டால் ஊர் சிரிக்கும். 12 மணி நேர வேலை, நியாயமான கூலி என்று கேட்டார்கள். நேரத்தில் கம்பெனி இறங்கி வந்தது, கூலியும் கொஞ்சம் ஏறியது. டிக்கெட் மட்டும் போகவே இல்லை.

குதிரைகளுக்கு வேலைநிறுத்தம் கிடையாது. மோட்டார் வந்துதான் அவற்றுக்கு விடுதலை. ஜெனரல் கம்பெனியின் கடைசிக் குதிரை பஸ் 1911 அக்டோபர் 25-ல் ஓடியது. லண்டனின் கடைசிக் குதிரை பஸ், டில்லிங் கம்பெனியுடையது, பெக்கம் பகுதியில் 1914 ஆகஸ்ட் 4-ல் ஓடி நின்றது. அன்றிரவு பிரிட்டன் ஜெர்மனி மீது போர் அறிவித்தது. குதிரைகளை ராணுவம் கேட்டது.