பெயர் திரும்பிய தீவில் ஒரு நாள்

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து கரையை ஒட்டி ஒரு தீவு இருக்கிறது. முழுக்க மணல். உலகிலேயே பெரிய மணல் தீவு, நீளம் ஏறத்தாழ 120 கிலோமீட்டர். 2023 ஜூன் வரை அதன் அரசுப் பெயர் ஃப்ரேசர் தீவு. இப்போது கர்ரி. ஆங்கிலத்தில் எழுதும்போது முன்னால் ‘கே’ என்ற எழுத்து நிற்கும், ஆனால் ஒலிக்காது. அந்த மண்ணின் புச்சுலா மக்கள் காலங்காலமாக அழைத்துவந்த பெயர் அதுதான். பிரிஸ்பேன் நண்பர்களோடு ஐந்து பேராக ஒரு நாள் போய்வந்தோம்.

தார்ச்சாலை என்று சொல்லிக்கொள்ள அங்கே ஒன்றுமில்லை. ஃபோர் வீல் டிரைவ் வண்டிதான். ரிவர் ஹெட்ஸில் வண்டியோடு படகில் ஏறி மேற்குக் கரையில் இறங்கினோம். டயரில் காற்றைக் குறைத்துக்கொண்டு, காட்டுக்குள் மணல் தடத்தில் குலுங்கிக் குலுங்கிக் கிழக்குக் கரைக்கு வந்தால், கடற்கரையே நெடுஞ்சாலை. வேக வரம்பு 80. அலை ஏறினால் சாலை காணாமல் போய்விடும் என்பதால் ஓதம் பார்த்துத்தான் ஓட்ட வேண்டும்.

ஃப்ரேசர் என்ற பெயர் எப்படி வந்தது? 1836இல் ஸ்டிர்லிங் கேசில் என்ற கப்பல் உடைந்தது. அதன் தலைவர் ஜேம்ஸ் ஃப்ரேசர் இறந்துபோனார். அவர் மனைவி எலைசா சில வாரங்கள் இத்தீவின் மக்களோடு இருந்து, பிறகு மீட்கப்பட்டார். லண்டனில் ஆதரவற்ற விதவை என்று அவருக்காக நிதி திரட்டப்பட்டது. அதற்குள் அவர் மறுமணம் செய்திருந்தது பின்னால்தான் வெளியே வந்தது. அவர் பெயரில் பரவிய கதைகளில் புச்சுலா மக்கள் கொடூரர்கள், நரமாமிசம் தின்பவர்கள். தங்கள் முன்னோர்கள்தான் அவரைக் காப்பாற்றினார்கள் என்கிறார்கள் புச்சுலா மக்கள். சோறு போட்டவர்களுக்குக் கெட்ட பெயர், பழி சொன்ன குடும்பத்தின் பெயர் தீவுக்கு! ஊர்ப் பெயர்களின் வரலாறு தெரிந்த நமக்கு இது புதிதா என்ன?

வடக்கே ஒரு பாறை முனை. 1770இல் கேப்டன் குக் கப்பலில் கடந்தபோது அதன்மேல் கூடி நின்றவர்களைப் பார்த்து ‘இந்தியன் ஹெட்’ என்று எழுதிவைத்தார். வெள்ளையர் அல்லாத எவரும் அன்று அவர்களுக்கு ‘இந்தியர்’தான். இந்தியாவிலிருந்து போன எங்களுக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

வழியில் துருப்பிடித்த மஹேனோ கப்பல். 1935இல் புயலில் கரை தட்டியது. எல்லோரும் இறங்கிப் படம் எடுக்கிறார்கள், நாங்களும் எடுத்தோம். ஆனால் எங்கள் கையிலிருந்த சுற்றுலாத் துண்டறிக்கையில் போகிம்பா ஓடை இல்லை. 1897இல் குயின்ஸ்லாந்து அரசு ‘பாதுகாப்பு’ என்ற பெயரில் ஒரு சட்டம் போட்டது. பழங்குடி மக்கள் எங்கே வாழலாம், எங்கே வேலை செய்யலாம், யாரை மணக்கலாம் என்பதையெல்லாம் அதிகாரிகள் முடிவு செய்தார்கள். அதே ஆண்டு மேற்குக் கரையில் போகிம்பா குடியிருப்பைத் திறந்து, வெளியிலிருந்தும் மக்களைக் கொண்டுவந்து அடைத்தார்கள். நோயிலும் பசியிலும் பலர் செத்தார்கள். 1904இல் மூடியபோது மிஞ்சியவர்களில் பெரும்பாலோரை வெகுதூரத்திலுள்ள யர்ராபாவுக்கு அனுப்பினார்கள். சொந்தத் தீவிலேயே சிறை, பிறகு அங்கிருந்தும் வெளியேற்றம்.

புச்சுலா மக்களுக்கு மூன்று சட்டங்கள் உண்டு. நிலத்துக்கு நல்லதே முதலில் வரவேண்டும். உனக்கு உரியதல்லாததைத் தொடாதே, எடுக்காதே. நிறைய இருந்தால் பகிர்ந்துகொள். நடுவிலுள்ளதைப் படித்தபோது எங்களுக்குள் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. ‘தொடாதே’ என்ற சொல்லை நாம் வேறு விதமாகத்தான் கேட்டு வளர்ந்திருக்கிறோம். அங்கே அது அடுத்தவன் உடைமைக்கான தடை. மனிதர்மேல் விழும் தடை இல்லை.

பெயர் மாற்றம் சும்மா என்று நாங்கள் சொல்லவில்லை. ‘காலனி’ என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் தமிழக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தபோது, முகவரி எழுதக் கூசிய எத்தனை பிள்ளைகள் மூச்சு விட்டிருப்பார்கள்! ஆனால் கர்ரியில் நிலத்தின் கதை வேறு. 2014 அக்டோபரில் நீதிமன்றம் புச்சுலா மக்களின் பூர்வீக உரிமையை ஏற்றது. வேட்டையாடலாம், மீன் பிடிக்கலாம். பிறரை விலக்கும் தனியுரிமை மட்டும் இல்லை.

எங்களோடு வந்த அண்ணன் ஒருவர் பஞ்சமி நிலத்துக்காகப் பல வருஷம் தாலுகா ஆபீஸ் படியேறியவர். திரும்பும் படகில் அவர் கேட்டார்: “பேரைக் குடுத்துட்டாங்க, சரி. இந்த வண்டிக்கு நாம கட்டுன பர்மிட் காசு யாருக்குப் போகுது?” பர்மிட்டை எடுத்துப் பார்த்தோம். குயின்ஸ்லாந்து அரசு கொடுத்தது.

ஃபியோனா ஃபோலி என்ற புச்சுலா ஓவியர் அந்த 1897 சட்டத்தைப் பற்றி 2020இல் ஒரு நூல் எழுதியிருக்கிறார். அடுத்த மாத வாசிப்பு வட்டத்துக்கு அதை எடுத்துக்கொள்ளலாம். மொழிபெயர்த்துச் சொல்ல முன்வருபவர்கள் எழுதுங்கள்.