பனியில் விளையும் உளுந்து

தஞ்சைச் சீமையைப் பார்க்க எப்போது போகலாம் என்று கேட்டால், பெரும்பாலோர் ஆடிப் பெருக்கைச் சொல்வார்கள். நான் தை மாதத்துக் கடைசி வாரத்தைத்தான் சொல்வேன். ஆற்றில் வெள்ளம் புரளாது என்பது வாஸ்தவம். மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது வழக்கமாயிற்றே! ஆனால் மழை ஓய்ந்திருக்கும். வெயிலுக்கு இன்னும் கோபம் வந்திருக்காது. குடையும் வேண்டாம், விசிறியும் வேண்டாம்.

மயிலாடுதுறையிலிருந்து திருவாரூருக்குக் காலை வேளையில் ரயிலேறி, ஜன்னலோரமாக உட்காருங்கள். பேரளம் வரையில் ஒன்றுமே தெரியாது. பனி மூட்டத்துக்கு மேலே தென்னை மரங்களின் தலைகள் மட்டும் மிதந்துகொண்டிருக்கும். பூந்தோட்டத்தில் லேசாக வெளுக்கும். (கூத்தனூர் சரஸ்வதி கோயில் பக்கத்தில்தான். பரீட்சை எழுதும் பிள்ளைகள் உள்ள வீட்டாருக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.) நன்னிலம் வருவதற்குள் போர்வையை மடித்துப் பைக்குள் வைத்துவிடுவீர்கள்.

தைப்பனி தரையைத் துளைக்கும் என்று நம் பாட்டிமார்கள் சொல்வார்கள் அல்லவா? மேகமில்லாத இரவில் பூமி தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டுச் சீக்கிரமாகவே குளிர்ந்துவிடுகிறது. காற்றும் அசையாமலிருந்தால், அருகிலுள்ள ஈரம் துளித் துளியாகப் புல்லில் படிகிறது. சமாசாரம் அவ்வளவுதான். ஆனால் அந்தத் துளிகளை நம்பி ஒரு பயிரே நடக்கிறது என்றால் நம்புவீர்களா?

சம்பா அறுத்த வயலைச் சற்றுக் குனிந்து பாருங்கள். அரிதாள்களுக்கு நடுவே, இரண்டு இலையும் மூன்று இலையுமாகச் சின்னச் சின்னச் செடிகள் எட்டிப் பார்க்கும். அவைதாம் உளுந்து! நாளைக்கு உங்கள் வீட்டு இட்லிக்கும் வடைக்கும் வரப்போகிறவை. நெல் அறுப்பதற்கு ஏழெட்டு நாள் முன்பே, நிற்கிற பயிருக்குள் நடந்து, ஈர மண்ணில் விதையைத் தூவிவிடுகிறார்கள். பிறகு உழவும் கிடையாது, தண்ணீர் பாய்ச்சலும் கிடையாது. இப்போது அறுவடை மிஷின் வந்துவிட்டதால், முளைத்த குருத்தை அது நசுக்கிவிடாமல் இருக்க, நாள் கணக்கை இன்னும் குறைத்துக்கொள்கிறார்கள். சுமார் எழுபது நாளில் காய் முற்றிவிடும். போதாததற்கு, வேரிலுள்ள முடிச்சுகளால் மண்ணுக்குத் தழைச்சத்தையும் சேர்த்துவிட்டுப் போகிறது. இதைவிடக் குறைந்த செலவில் குடித்தனம் நடத்துகிற பயிர் வேறு உண்டா என்று எனக்குத் தெரியவில்லை.

வரப்பில் உட்கார்ந்திருந்த ஒரு மூதாட்டியிடம், “தண்ணியே இல்லாம எப்படிப் பாட்டி வளரும்?” என்று கேட்டேன்.

“கீழே ஈரம், மேலே பனி. வேற என்னா தம்பி வேணும்? மழை மட்டும் வராம இருந்தாப் போதும்” என்றாள்.

மழை வேண்டாம் என்று காவிரிக் கரையில் ஒருவர் சொல்வது வேடிக்கையாக இல்லையா? வேடிக்கை இல்லை. 2023 பிப்ரவரி முதல் வாரத்தில், வங்கக் கடல் காற்றழுத்தத்தால் இங்கே பருவம் தவறிய மழை கொட்டியது. முற்றிய நெல் சாய்ந்து நீரில் கிடந்தது. இளம் உளுந்து மூழ்கியது. அரசு ஹெக்டேருக்கு நெல்லுக்கு 20,000 ரூபாயும், உளுந்துக்கு 3,000 ரூபாயும் நிவாரணம் அறிவித்தது. அறுத்துக் குவித்த நெல்லுக்கும் ஆபத்துதான். கொள்முதல் நிலையத்தில் 17 சதவிகித ஈரப்பதம்தான் வழக்கமான வரம்பு. அதற்கு மேல் போனால் மறுபடியும் காய வைக்க வேண்டியதுதான். சாலையோரமெல்லாம் பெண்கள் காலால் நெல்லைக் கிளறிக்கொண்டே நடப்பது இதற்காகத்தான்.

நான் இருந்த ஏழு நாளில் ஆறு நாள் வானம் துடைத்து வைத்தாற்போல் இருந்தது. ஐந்தாம் நாள் மத்தியானம் கிழக்கே கறுத்தது. உடனே தார்ப்பாய்கள் விரிந்தன. சமையலைப் பாதியில் விட்டவர்கள்கூட ஓடிவந்து குவியலின் ஓரங்களில் கல் வைத்தார்கள். யாரும் பேசவில்லை. பத்து நிமிஷம் தூறியது. தார்ப்பாய் நனைந்ததோடு சரி. மறுநாள் காலையில் மீண்டும் பனி.

பங்குனியில் போகிறவர்கள் செடியைப் பிடுங்கிக் களத்தில் உலர்த்தி அடிப்பதைப் பார்க்கலாம். கையோடு இரண்டு படி புது உளுந்தும் வாங்கி வாருங்கள். தோலோடு வாங்குங்கள், ஊற வைத்துக் களைவது உங்களுக்குத் தெரியாதா என்ன?