மே மாதத்துத் தண்டவாளம்

தினம் ரயிலில் ஆபீஸ் போய் வருகிற ஆசாமியா நீங்கள்? அப்படியென்றால் ஒரு கேள்வி. அந்தத் 'தடக்... தடக்' எங்கே போயிற்று? அந்தத் தாலாட்டில் சொக்கி, இறங்க வேண்டிய ஸ்டேஷனைக் கோட்டை விட்டவர்கள் ஏராளம். இப்போது மெயின் லைனில் பெரும்பாலும் வெறும் 'உய்ங்' தான்.

சமாசாரம் பள்ளிக்கூடத்துப் பௌதிகம். சூடு பட்டால் இரும்பு நீளும். ஒரு மீட்டர் உருக்கு, ஒரு டிகிரி சூட்டுக்கு, ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல். 'ப்பூ, இவ்வளவுதானா?' என்பீர்கள். 13 மீட்டர் தண்டவாளத்தில் 40 டிகிரி ஏறினால் 6 மில்லிமீட்டர். அதற்காகத்தான் அந்தக் காலத்தில் இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே இடைவெளி விட்டு, ஃபிஷ் பிளேட் வைத்து முடுக்கினார்கள். சக்கரம் அந்த இடைவெளியைத் தாண்டும்போது 'தடக்'. நமக்குச் சங்கீதம். தண்டவாள முனைக்கோ ஒவ்வொன்றும் ஒரு சம்மட்டி அடி.

ஆகவே, பற்ற வைத்துவிட்டார்கள். கிலோமீட்டர் கணக்கில் ஒரே தண்டவாளம். சரி, வெயிலில் நீள வேண்டியது எங்கே போகும்? கிலோமீட்டருக்கு 46 சென்டிமீட்டர் ஆயிற்றே!

எங்கும் போகாது. பிடித்து வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றும் 250 கிலோவுக்கு மேல் கனக்கும் கான்கிரீட் ஸ்லீப்பர் கட்டைகள், அவற்றோடு தண்டவாளத்தைக் கவ்வும் கிளிப்புகள், சுற்றிலும் ஜல்லி. இரண்டு முனைகளிலும் சுமார் நூறு மீட்டர் மட்டும் நீளலாம், சுருங்கலாம். இஞ்சினீயர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர், தமிழில் சொன்னால், 'மூச்சு விடும் நீளம்'. நடுவில் கிடப்பது மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறது. நீள விடாவிட்டால் அத்தனையும் உள்ளுக்குள் சேரும் (மேனேஜர் ரூமிலிருந்து வெளியே வரும் நம் மாதிரி). 60 கிலோ ரகத் தண்டவாளத்தில் ஒரு டிகிரிக்குச் சுமார் 1.8 டன் நெருக்கடி.

கோடைக்கும் குளிருக்கும் பொதுவாக ஒரு வெப்பநிலை பார்த்துத்தான் பொருத்துகிறார்கள். அதற்கு மேல் 20 டிகிரி ஏறினால் ஒரு தண்டவாளத்தில் மட்டும் 36 டன். மே மாத மத்தியானம் காற்றில் 40 என்றால் தண்டவாளம் 60-ஐத் தொடும். ஜல்லி எங்காவது தளர்ந்திருந்தால் போச்சு, பாம்பு மாதிரி பக்கவாட்டில் நெளியும். அதன் மேல் ரயில் வந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டாம். (மார்கழி ராத்திரியில் இதற்கு நேர்மாறு. சுருங்கப் பார்த்து, வெல்டிங் விரிசல் விடும்.)

என் சித்தப்பா ரயில்வேயில் கீமேனாக இருந்து ரிடையர் ஆனவர். தோளில் சுத்தியலும் ஸ்பானரும், கையில் சிவப்புக் கொடி, பையில் டெட்டனேட்டர். தன் பகுதியைத் தினம் நடந்தே பார்க்க வேண்டும். கோடையில் மத்தியான ரோந்து வேறு. நாமெல்லாம் ஃபேனுக்குக் கீழே தயிர்சாதம் முடித்துக் கண் சொருகுகிற நேரம். நிழல் என்று பார்த்தால் ஒரு சிக்னல் கம்பத்தின் நிழல்தான். அங்கங்கே குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தண்டவாள விளிம்போடு தூரத்துக்குப் பார்ப்பார்.

"கோடு நேரா இருக்கணும்டா. கொஞ்சம் நெளிஞ்சாலும் அதுக்கு மூச்சு முட்டுதுன்னு அர்த்தம்."

1998 மே மாதம் ஒரு நாள், நேராக இருக்க வேண்டிய கோடு நெளிந்திருந்தது. அந்த இடத்தில் ஒரு கொடியை நட்டுவிட்டு, இன்னொரு கொடியோடு ரயில் வரும் திசையில் ஓடினார். 600 மீட்டரில் தண்டவாளத்தின் மேல் ஒரு டெட்டனேட்டர். 1,200 மீட்டரில் பத்துப் பத்து மீட்டர் தள்ளி இன்னும் மூன்று. சக்கரம் ஏறினால் வெடிக்கும், டிரைவர் நிறுத்துவார். விதி அதுதான். அப்போது சித்தப்பாவுக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது.

ரயில் நின்றது. ஆள் வந்து சரி செய்து, ஊர்ந்து கடக்க ஒரு மணி நேரத்துக்கு மேல். ஜன்னலோரம் ஒரு பிரயாணி, "வேற வேலை இல்லை இவனுங்களுக்கு. கொடியைக் காட்டி நிறுத்திடறானுங்க" என்றது சித்தப்பா காதிலேயே விழுந்திருக்கிறது.

"நீங்க என்ன சொன்னீங்க சித்தப்பா?"

"என்னத்தச் சொல்றது? தண்ணி இருக்கான்னு கேட்டேன். பாட்டிலோட குடுத்துட்டாரு."