'தேவலை'ன்னா குணமாயிடுச்சுன்னு அர்த்தம் இல்ல

1/ வாசுதேவநல்லூர்ல ஓபி பார்க்கும்போது அடிக்கடி காதுல விழும் சொல் 'தேவலை'. "எப்படி இருக்கு ஆச்சி?"ன்னா, "நேத்தைக்கு இன்னைக்கு தேவலை டாக்டரய்யா" என்பார்கள். ஆங்கிலத்துல 'பெட்டர்'. இதைப் பத்தி ஒரு சின்ன த்ரெட்.

2/ ஸ்கூல்ல படிச்ச 'டிகிரீஸ் ஆஃப் கம்பேரிசன்' ஞாபகம் இருக்கா? சின்னச் சொல்லுக்குப் பின்னால 'எர்', 'எஸ்ட்' சேரும்: ஃபாஸ்ட், ஃபாஸ்டர், ஃபாஸ்டஸ்ட். நீளமான சொல்லுக்கு முன்னால 'மோர்', 'மோஸ்ட்' வரும்: மோர் டேஞ்சரஸ். ரெண்டையும் ஒண்ணா போட்டு 'மோர் பெட்டர்'னு சொன்னா தப்பு.

3/ ரெண்டுல ஒண்ணுன்னா 'எர்'. மூணு, அதுக்கு மேலன்னா 'எஸ்ட்'. மெடிக்கல் மாணவர்களுக்கு இது உடம்புலயே எழுதியிருக்கு. மார்புல பெக்டோராலிஸ் தசை ரெண்டு: மேஜர், மைனர். லத்தீன்ல மேஜர்னா 'இன்னும் பெருசு'. பிட்டத்துல குளுட்டியஸ் தசை மூணு: மாக்சிமஸ், மீடியஸ், மினிமஸ். மாக்சிமஸ்னா 'எல்லாத்துலயும் பெருசு'.

4/ சில சொற்கள் இந்த விதிக்கு அடங்காது. குட், வெல் ரெண்டுக்கும் அடுத்த படி பெட்டர், கடைசி பெஸ்ட். பேட், இல் ரெண்டுக்கும் வொர்ஸ், வொர்ஸ்ட்.

5/ இங்கதான் கவனிக்கணும். 'வெல்'னா நல்லா இருக்கேன். 'பெட்டர்'னா முன்னைக்கு இப்போ பரவாயில்ல, அவ்வளவுதான். சர்க்கரை 350-ல இருந்து 250-க்கு வந்தா பெட்டர். ஆனா அது நார்மல் இல்ல.

6/ எலுமிச்சைத் தோட்டத்துல வேலை பார்க்கிற அண்ணாச்சி ஒருத்தர். காசநோய். ரெண்டு மாசத்துல இருமல் குறைஞ்சு, எடை கூடி, பசி எடுத்துச்சு. "தேவலையாயிட்டு, அதான் மாத்திரைய விட்டுட்டேன் சார்"னு மறுபடி இருமலோட வந்து நின்னார். திரும்பவும் சளிப் பரிசோதனையில இருந்து ஆரம்பிக்க வேண்டியதாப் போச்சு.

7/ சாதாரண காசநோய்க்கு வழக்கமான சிகிச்சை 6 மாசம். முதல் 2 மாசம் 4 மருந்து, அடுத்த 4 மாசம் 3 மருந்து. அரசு ஆஸ்பத்திரியில இலவசம். பாதியில நிறுத்தினா, மிச்சம் இருக்கிற கிருமி மருந்துக்கு அடங்காததா மாறலாம். அப்போ நிலைமை 'வொர்ஸ்'.

8/ அதனால இப்பல்லாம் ரெண்டு கேள்வி கேட்கிறேன். "போன தடவைக்கு இப்போ தேவலையா?" "நோய் வர்றதுக்கு முன்னாடி எப்படி இருந்தீங்களோ, அப்படியே இருக்கீங்களா?" ரெண்டுக்கும் 'ஆமா'ன்னு பதில் வந்தாலும், மாத்திரையை எப்போ நிறுத்தணும்னு டாக்டர்கிட்ட கேட்டுட்டு நிறுத்துங்க.

தேவலைன்னா மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம். வேலை முடிஞ்சிருச்சுன்னு இல்ல.